கைத்தொண்டு

தொண்டு என்னும் சொல் சைவ நூல்களிலே பயின்று வருகின்ற அளவிற்கு அதன் பொருள் ஆராயப்படுவதில்லை. கோயிலுக்குப் பொருள் உதவுதலும் தொண்டெனப்படுகின்றது. பிறரை ஏவி ஒரு திருப்பணியை முடித்தலும் தொண்டெனப்படுகின்றது. அவையிலே சமய விரிவுரை நிகழ்த்துதலும் தொண்டெனப்படுகின்றது. இவை யாவும் நல்லனவே. ஆயினும் இவற்றின் வேறாக, ஏவுவார் ஒருவருமின்றி, கூலி சிறிதும் கருதாது, ஒருவர் தம் உடம்பினாலேயே செய்யும் பணி ஒன்றுண்டு. அதுவே கைத்தொண்டு எனப்படுவது.

இக் கைத்தொண்டினைக் குறித்து இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. ஒரு சாரார், அது சரியையின்பாற் படுதலின் நால்வகை நெறியுள்ளும் கீழ்ப்படியே என்றும், ஞான நூல்களை ஓதியுணர்ந்தார்க்கு அது வேண்டற்பாலதன்று என்றும் கருதுவர். மற்றொரு சாரார், பொருளுடையார் ஆள் வைத்துச் செய்வித்தால் அதுவே தாம் செய்ததற்கு ஒக்கும் என்பர். முன்னையது கல்வியினால் வரும் தடை. பின்னையது செல்வத்தினால் வரும் தடை. இவ்விரு கொள்கைகளும் சைவ வரலாற்றோடும் சித்தாந்த சாத்திரத்தோடும் பொருந்துவனவா என்பது ஆராயத்தக்கது.

திலகவதியாரும் நாவுக்கரசரும்

கைத்தொண்டு என்றவுடனே திருநாவுக்கரசு சுவாமிகளை நினைதல் இயல்பு. ஆனால் அவர்க்கும் முன்னே அந் நெறியில் நின்றவர் அவர் தமக்கையாராகிய திலகவதியார் என்பதனை மறத்தலாகாது. தந்தையும் தாயும் இறந்தனர். மணம் பேசப்பெற்ற கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர் துறந்தார். தம்பியின் பொருட்டு உயிர் தாங்கிய அவ்வம்மையார், அத் தம்பியும் வேற்றுச் சமயம் புக்கபின், திருவதிகை வீரட்டானத்தை அடைந்து அலகிடுதல், மெழுகிடுதல், மாலை தொடுத்தல் என்னும் பணிகளிலே தம் நாட்களைக் கழித்தனர். இவற்றைச் செய்க என்று அவரை ஏவினார் எவருமிலர்.

சூலை நோயால் வருந்திய மருணீக்கியார் இரவிலே தமக்கையார் இருக்குமிடத்தை அடைந்த செய்தியைச் சேக்கிழார் பெருமான் கூறுமிடத்து ஒரு நுட்பம் அமைந்துள்ளது. அம்மையார் தம்பிக்குத் திருநீறு அளிக்கின்றார். திருப்பள்ளியெழுச்சிக் காலம் அணுகுகின்றது. அலகும் சாணமும் நீர்க்குடமும் எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கோயிலுக்குச் செல்லுங்கால், தம்பியையும் உடன் அழைத்துச் செல்கின்றார். பல்லாண்டு பிரிந்த தம்பி திரும்பிவந்த அந்நாளிலும் அம்மையாரது பணி நிற்கவில்லை. அப்பணி செல்லும் வழியிலேயே தம்பியும் இறைவன் சந்நிதியை அடைந்தார். நாவுக்கரசர் பெற்ற நல்வாழ்வின் தொடக்கம் ஒரு பெண்மணியின் துடைப்பத்தோடு இயைந்து நிற்றலை உய்த்துணர்க.

பின்னர் நாவுக்கரசர் கைக்கொண்ட கருவி உழவாரம். அது கோயில் முற்றத்திலும் மதிலிலும் முளைக்கும் புல்லையும் பூண்டையும் செதுக்கும் இருப்புப் படை. நான்காம், ஐந்தாம், ஆறாம் திருமுறைகளாகிய மூன்று திருமுறைகளைத் தந்த ஒருவர்க்கு ஏட்டையும் எழுத்தாணியையும் அடையாளமாக அமைத்தல் பொருந்தாததன்று. எனினும் சிற்பிகள் அவர் திருவுருவத்தை வடிக்குங்கால் தோளிற் சார்த்திய உழவாரத்தையே அமைத்தனர். பெரும்புலவராகிய அவரைத் தமிழ்நாட்டு மக்கள் ஒரு பணியாளராகவே நினைவிற் கொண்டனர் என்பது இதனாற் புலனாம்.

உழவாரப் பணியின் இன்றியமையாமை அக்காலக் கோயில்களின் இயல்பை நோக்குவார்க்கு இனிது விளங்கும். நாவுக்கரசர் வாழ்ந்த கி. பி. 7-ஆம் நூற்றாண்டிலே கோயில்கள் பெரும்பாலும் செங்கல்லாலும் மரத்தாலும் ஆயவை. பாறையைக் குடைந்து கோயில் அமைக்கும் வழக்கம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்திலேதான் தொண்டை நாட்டிற் பரவலாயிற்று. செங்கற் கட்டடத்தின் இடுக்கிலே பறவை எச்சத்தால் வீழ்ந்த அரசின் வித்தோ ஆலின் வித்தோ முளைத்து, ஓரிரு மாரிக்குள் வேரூன்றிவிடின், சுவர் பிளந்து விமானம் சரியும். ஆதலின் ஆண்டுதோறும் புல்லும் செடியும் களைதல் அழகின் பொருட்டு மட்டும் அன்று. கோயிலின் உயிரைக் காத்தற்பொருட்டே யாம். 10-ஆம் நூற்றாண்டிலே செம்பியன் மாதேவியார் திருநல்லம் முதலிய தலங்களிற் கருங்கற்றளி எடுப்பித்தனர். அவ்வாறு கற்றளியாக்குதற்குப் பழைய தலங்கள் அழியாது நின்றமைக்கு, இடைப்பட்ட காலத்தில் அவற்றிற் புல் செதுக்கிய பெயரறியாத கைகளும் ஒரு காரணம் என்று கொள்ளுதல் தவறாகாது. அரசியாரின் பெயர் கல்வெட்டிலே நிற்கின்றது. அக் கைகளுக்குரியாரின் பெயர் எங்கும் இல்லை.

வாசி இல்லாக் காசு

திருவீழிமிழலையிற் பஞ்சம் நேர்ந்த காலத்து நிகழ்ந்த நிகழ்ச்சி கைத்தொண்டின் பெருமையை நிறுவும் பெருஞ் சான்றாகும். மழை பொய்த்து மக்கள் பசியால் வருந்தினர். அப்போது திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அத்தலத்தில் எழுந்தருளியிருந்தனர். அடியார்கள் பசியால் வருந்தலாகாது என்று இறைவன் இருவர்க்கும் நாள்தோறும் படிக்காசு அருளினான். கிழக்குப் பீடத்திலே சம்பந்தர்க்கு ஒரு காசு. மேற்குப் பீடத்திலே நாவுக்கரசர்க்கு ஒரு காசு. அக் காசுகளைக் கொண்டு இருவர் திருமடங்களிலும் வந்தார் யாவர்க்கும் அமுது அளிக்கப்பட்டது.

நாவுக்கரசர் மடத்திலே உரிய காலத்தில் அமுது படைக்கப்பட்டது. சம்பந்தர் மடத்திலே காலம் தாழ்த்தது. காரணம் வினவியபோது, சம்பந்தர் பெற்ற காசு வாசி உடையதென்றும், வணிகர் வட்டம் கழித்தே அதற்குப் பண்டம் கொடுக்கின்றனர் என்றும், நாவுக்கரசர் பெற்ற காசுக்கு அவ் வட்டம் இல்லை என்றும் ஏவலாளர் விண்ணப்பித்தனர். சம்பந்தர் பதிகம் பாடி வேண்டியபின் அவர்க்கும் நற்காசு கிடைத்தது.

ஒரே இறைவன், ஒரே தலத்தில், ஒரே நாளில் அளித்த காசுகளுக்குள்ளே இவ் வேறுபாடு ஏன் நேர்ந்தது? நாவுக்கரசர் கைத்தொண்டு செய்தவர் ஆதலின் அவர் காசு வாசி இல்லதாயிற்று என்பது சேக்கிழார் காட்டும் காரணம். இது சம்பந்தப் பெருமானைத் தாழ்த்திக் கூறியதன்று. நால்வருள் சம்பந்தர் சற்புத்திர மார்க்கத்திற்கும் நாவுக்கரசர் தாச மார்க்கத்திற்கும் எடுத்துக்காட்டாவர் என்பது சைவ மரபு. மகனுக்குத் தந்தை கொடுப்பது அன்பினாற் கொடுப்பது; அதனை மகன் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். பணியாளர்க்கோ நாள்தோறும் உடம்பால் உழைத்த உழைப்பு முன்னிற்கின்றது. அதனைக் குறைத்தளிக்க இடமில்லை. அன்றியும் இந்நிகழ்ச்சி பஞ்ச காலத்தில் வைத்துக் கூறப்பட்டமை கருதத்தக்கது. பசித்தவர்க்குச் சோறு காலந்தாழாமற் சேர வேண்டிய வேளையிலே கைத்தொண்டின் பயனே முதற்கண் அவர்களை அடைந்தது.

ஊர்க்குப் பயன்பட்ட தொண்டுகள்

சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய திருத்தொண்டத் தொகையை முதலாகக் கொண்டு, நம்பியாண்டார் நம்பி அந்தாதி செய்தனர். இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், கி. பி. 12-ஆம் நூற்றாண்டிலே, சேக்கிழார் அதனைப் பெருங்காப்பியமாக விரித்தனர். அந் நூலுக்கு ஆசிரியர் இட்ட பெயர் திருத்தொண்டர் புராணம் என்பதே. அதன்கட் கூறப்பட்ட அடியார்கள் செய்த பணிகளை எண்ணிப் பார்ப்பின், அவற்றுட் பல ஊர்மக்கள் அனைவர்க்கும் பயன்பட்டவை என்பது தெளிவாகும்.

திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள் வழிச்செல்வார் வேட்கை தணியத் தண்ணீர்ப் பந்தல் அமைத்தனர். அதற்குத் தம் பெயரை இடாது, தாம் நேரிற் கண்டறியாத திருநாவுக்கரசின் பெயரையே இட்டனர். நாவுக்கரசர் அவ்வழியே வந்து, நும் பெயரை எழுதாது வேறொரு பெயர் எழுதியது என்னை என்று வினவியபோது, வந்தவர் இன்னார் என்று அறியாமல் அடிகள் வெகுண்டனர். அறம் செய்து பெயரை நாட்டிக்கொள்ளும் உலக வழக்கின் நடுவே, பெயரைத் துறந்து செய்த அறம் இது. பந்தலின் நிழலிலே தண்ணீர் பருகியவர் எச்சமயத்தார், எவ்வூரார் என்று வினவப்பட்டதாகப் புராணத்தில் இல்லை.

காஞ்சியில் வாழ்ந்த திருக்குறிப்புத் தொண்டர் ஏகாலியர் குலத்தவர். தம் தொழிலையே தொண்டாக்கி அடியார்களின் ஆடைகளை வெளுத்துக் கொடுத்தனர். குளிர்காலத்திலே அழுக்கேறிய கந்தை ஒன்றோடு வந்த ஏழை அடியார் ஒருவர், பொழுது சாயுமுன் அதனை உலர்த்தித் தருதல் வேண்டும் என்றார். மழை விடாது பெய்தது. குளிரால் நடுங்கும் உடம்பிற்கு ஒற்றைக் கந்தையும் இல்லாமற் செய்தோமே என்று தொண்டர் கல்லிலே தம் தலையை மோதலுற்றனர். சொன்ன சொல் தவறிற்றே என்னும் நாணத்தினும், பிறர் படும் குளிரைத் தம் குளிராக உணர்ந்த இரக்கமே அவரை அந்நிலைக்கு உய்த்தது. புதிதாக ஒரு தொழிலைக் கற்றே தொண்டு செய்தல் வேண்டும் என்பதில்லை. கை அறிந்த தொழிலே தொண்டாகும் என்பதற்கு இவ் வரலாறு சான்று. அடியார்க்குத் திருவோடு வனைந்து கொடுத்த திருநீலகண்டக் குயவனார் வரலாறும் இதனையே வலியுறுத்தும்.

திருவாரூர்த் தண்டியடிகள் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். கமலாலயத் திருக்குளம் தூர்ந்து இடங் குறுகியிருந்தமையை அறிந்து, அதனைத் தாமே கல்லுதற்கு முற்பட்டனர். குழியில் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண்ணைக் கூடையில் முகந்து கரையிற் கொட்டினர். கண்டவர் சிலர் எள்ளினர். அவர் பணி நிற்கவில்லை. கண்ணுடையார் பலர் வாழ்ந்த ஊரிலே குளம் தூர்ந்ததனைக் கண்டு கையிட்டவர் கண்ணில்லாத ஒருவரே என்பது எக்காலத்தும் மக்களை நாணச் செய்யும் செய்தியாம்.

கல்வெட்டுக்கள் கூறுவன

பொருள் வைத்துப் பணி செய்விக்கும் முறையும் சைவ வரலாற்றிற் பேரிடம் பெற்றதே. முதலாம் இராசராசன் கி. பி. 1010-ஆம் ஆண்டளவில் முற்றுவித்த தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்கள் இதனை விரிவாகக் கூறுகின்றன. திருப்பதியம் விண்ணப்பிப்பார் 48 பேரும், அவர்க்கு உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிப்பார் இருவருமாக 50 பேர்க்கு நாள் ஒன்றுக்கு ஆளுக்கு முக்குறுணி நெல் விதிக்கப்பட்டது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர்க்குத் தனித்தனி வீடும், ஆண்டு ஒன்றுக்கு 100 கலம் நெல்லும் அளிக்கப்பட்டன. ஒரு நந்தா விளக்கெரிக்க 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடவர்.

இவ் ஏற்பாடுகளின் சிறப்பைக் குறைத்துக் கூறுதற்கில்லை. பணியாளர் இறந்தால் அவர் உரிமையினரோ தக்கவர் பிறரோ அப்பணியைத் தொடர வேண்டும் என்று விதித்தமையால், ஒருவர் வாழ்நாளோடு முடியாமல் பணி நீடித்தது. திருமுறைப் பாடல்கள் கோயில்களில் நூற்றாண்டுக் கணக்காக ஒலித்தமைக்கு இத்தகைய நிவந்தங்களே பெருந்துணை.

ஆயினும் நிவந்தத்திற்கு ஓர் எல்லை உண்டு. நெல் உள்ளமட்டுமே அது நிற்கும். நிலம் கைமாறியும் மானியம் சுருங்கியும் போன எத்தனையோ ஊர்களிலே, நந்தா விளக்கு என்று கல்லிலே பொறித்த எழுத்து மட்டும் நிற்க, விளக்கு அவிந்துவிட்டது. அவ்விடங்களில் ஒருவேளை விளக்கேனும் எரிகின்றதாயின், எண்ணெய்க் கிண்ணத்தோடு மாலையில் வரும் ஊரார் ஒருவரது அன்பினாலேயே எரிகின்றது. நமிநந்தியடிகளும் கணம்புல்லரும் பொருளற்ற காலத்தும் விளக்கெரித்த வரலாறுகளைச் சேக்கிழார் விரித்தது இக்கருத்துப் பற்றியே போலும். நிவந்தம் பணியைக் காக்கும். பணிசெய்யும் மனத்தை அது தோற்றுவியாது.

சாத்திரத்தின் முடிபு

இனி, கைத்தொண்டு கீழ்ப்படியே என்னும் கொள்கையை நோக்குக. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் சுபக்கம் எட்டாஞ் சூத்திரத்திலே தாச மார்க்கத்தின் இலக்கணம் வகுக்கின்றார். கோயிலை அலகிடுதலும் மெழுகுதலும், மலர் கொய்து மாலை தொடுத்தலும், விளக்கிடுதலும், நந்தவனம் அமைத்தலும் ஆங்கே எண்ணப்படுகின்றன. அவற்றோடு, திருவேடம் உடையாரைக் கண்டால் யாது செய்தல் வேண்டும் என்று தாமே சென்று வினவி, அவர் வேண்டிய பணியைச் செய்தலும் சேர்த்துரைக்கப்படுகின்றது. கோயிற்பணியையும் மக்கட்பணியையும் ஒரே நெறியின் இருபகுதிகளாக ஆசிரியர் வைத்தமை காண்க. வந்து கேட்பார்க்கு உதவுதல் பொதுவறம்; கேளாமுன் சென்று வினவுதலே தொண்டின் இலக்கணம்.

சரியை முதற்படி என்பது உண்மை. ஆனால் முதற்படி என்பதனால் ஏறியவுடன் கழித்துவிடும் படி என்பது பெறப்படாது. அதற்குச் சான்று மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதத்தின் இறுதிச் சூத்திரமே. மலம் நீங்கித் திருவடி ஞானம் பெற்ற சீவன்முத்தர்க்கு உரிய ஒழுக்கத்தைக் கூறவந்த அப் பன்னிரண்டாஞ் சூத்திரம், அவர் மெய்யன்பரோடு கூடியிருத்தலையும், அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் இறைவன் எனவே கண்டு வழிபடுதலையும் விதிக்கின்றது. தொடக்கத்திலே சரியையாளர் எவற்றிடத்துப் பணிசெய்தாரோ, முடிவிலே ஞானியும் அவற்றிடத்தே வணங்கி நிற்கின்றார். அடியார், ஆலயம் என்னும் இரண்டும் முதலிலும் உள, முடிவிலும் உள. வேறுபாடு செய்வார் அறிவு நிலையில் உள்ளதேயன்றி, செய்யப்படும் இடத்தில் இல்லை. ஆகவே ஞானநூல் ஓதினமையால் துடைப்பத்தைத் தொடுதல் தகாது என்பார், அந்நூலின் இறுதிச் சூத்திரத்தை நன்கு ஓதாதவரே யாவர்.

திருமூலரும், மக்களாகிய நடமாடுங் கோயிலுக்கு அளிப்பது இறைவனைச் சென்றடையும் என்றும், கோயிலில் உள்ள இறைவனுக்கு மட்டும் அளிப்பது மக்களைச் சென்றடையாது என்றும் கருத்துப்படக் கூறினர். இது கோயில் வழிபாட்டை மறுத்ததன்று. வழிபாட்டின் நிறைவு எங்கே உள்ளது என்று காட்டியதாம்.

அணிமைக் காலத்துச் சான்றுகள்

இந்நெறி புராண காலத்தோடு முடிந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822-ஆம் ஆண்டு தோன்றிய ஆறுமுக நாவலர், 1848-ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினர். சம்பளம் தரும் ஆசிரியப் பணியை விடுத்து, ஊதியமின்றிக் கற்பிக்கும் பணியை மேற்கொண்டனர். 1864-இல் சிதம்பரத்திலும் அவ்வாறே ஒரு வித்தியாசாலை நிறுவினர். திருத்தொண்டர் புராணத்தை யாவரும் படித்தறியும் வண்ணம் வசனமாக எழுதி 1852-இல் அச்சிட்டவரும் அவரே. 1876-ஆம் ஆண்டை ஒட்டி யாழ்ப்பாணத்திலே பஞ்சமும் வாந்திபேதியும் பரவியபோது, அவர் ஏட்டை வைத்துவிட்டு எழுந்தனர். பொருளுடையாரிடம் சென்று இரந்து, கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தி, ஏழைகட்குக் கஞ்சி வார்க்கச் செய்தனர். திருவீழிமிழலை நிகழ்ச்சியை வசனத்தில் எழுதிய கை, பஞ்சம் வந்தபோது வாளா இருக்கவில்லை.

அதற்கும் முன்னர், 1867-ஆம் ஆண்டு வைகாசித் திங்களில், இராமலிங்க சுவாமிகள் வடலூரிலே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினர். அதற்குப் பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலத்தை உவந்து அளித்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. நாவலர்க்கும் இராமலிங்க சுவாமிகளுக்கும் பாடல்களைக் குறித்து எழுந்த மாறுபாடு நீதிமன்றம் வரை சென்றது யாவரும் அறிந்ததே. கொள்கையிலே அத்துணை வேறுபட்ட இருவரும் பசித்தவன் முன்னே ஒரே செயலைச் செய்தனர். வாதங்கள் ஏட்டில் நிற்க, அடுப்புக்கள் இரண்டும் ஒரு நெறியினவாய் விளங்கின.

இக்காலத்தார் கடன்

இக்காலத்தும் ஞாயிற்றுக்கிழமைகளிலே ஊர்விட்டு ஊர் சென்று பாழ்பட்ட கோயில்களில் உழவாரப் பணி செய்யும் அன்பர் குழுக்கள் பல உள்ளன. அவர்களுட் பலர் அலுவலகங்களிலும் கடைகளிலும் ஆறு நாள் உழைத்து, ஏழாம் நாளை இதற்கு அளிப்பவர். அவர் பணி போற்றத்தக்கது. ஆயினும் அன்போடு அறிவும் உடன் செல்லுதல் வேண்டும். கல்வெட்டுக்களின்மேற் சுண்ணமும் வண்ணமும் பூசுதலும், மணல் வீச்சினாற் சுவர்களைத் தூய்மை செய்தலும் எழுத்துக்களைச் சிதைத்துவிடும். விமானத்தில் வேரோடிய மரத்தை வலிந்து பிடுங்கினால் கல் பெயர்ந்து வீழும். வேரை முறைப்படி மாய்த்த பின்னரே அகற்றுதல் வேண்டும். அறிந்தாரை வினவிச் செய்க. தண்டியடிகளும் வெறுங்கையோடு குளத்தில் இறங்கவில்லை. தறியும் கயிறும் அமைத்துக்கொண்டே இறங்கினர்.

கோயிலுக்கு அருகிலே குளம் தூர்ந்து கிடக்க, வழியிலே வேனிற் காலத்துத் தண்ணீர்ப் பந்தல் இன்றியிருக்க, தெருக்கோடியிலே முதியவர் ஒருவர் துணையின்றி வருந்த, உழவாரப்பணி மதிலுக்குள்ளேயே முடிந்துவிட்டது என்று கருதுதலும் தகாது. குளமும் பந்தலும் கந்தையும் திருவோடும் தொண்டிற்கு இடமாயினமையைத் திருத்தொண்டர் புராணம் காட்டியிருக்கின்றது. எப்பணி எவர்க்கு உரியது என்று வேறாக ஆராய வேண்டுவதில்லை. தன் கைக்கு எட்டுவது எதுவோ, அது தனக்குரியது. அரசினர் செய்வர், செல்வர் செய்வர், ஏனையோர் செய்வர் என்று காத்திருந்தவர் ஒருவரையும் சுந்தரர் தம் தொகையிற் பாடினாரல்லர்.

பொருள் உள்ளவர் பொருள் தருக. கல்வி உள்ளவர் கல்வி தருக. அவற்றோடு வாரத்தில் ஒரு நாழிகையேனும் தம் உடம்பையும் தருக. பொருளை ஏவலாளர் கொண்டு செலுத்தலாம். உடம்பைத் தானே கொண்டு செல்லுதல் வேண்டும். வாசி இல்லாக் காசு பெறும் வழி அதுவே.